ஏசிஎல் கிழிவு, ஏழரை மாதம் பாக்கியிருந்த ஒப்பந்தம்: ஒரு கால்பந்து வீராங்கனை களம் திரும்பிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏசிஎல் என்பது முழங்காலுக்குள் மூட்டை நிலையாகப் பிடித்திருக்கும் ஜவ்வு. அது கிழிந்தபோது இந்த வீராங்கனைக்கு வயது 24. வலது விங்கர் (வலப்புற ஓரத்தில் தாக்கி ஆடுபவர்), எடை 61 கிலோ. முதல் நிலை மகளிர் லீக்கில் நான்காவது சீசன், இந்தக் கிளப்பில் இரண்டாவது. அவர் ஒப்புதலோடு எழுதப்படுகிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

லீக் ஆகஸ்டில் தொடங்கி மே கடைசியில் முடியும். அவருடைய ஒப்பந்தம் ஜூன் 30 வரை. மாதச் சம்பளம் ஒன்று, ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஊக்கத்தொகை ஒன்று. தொடர்ந்து ஆடும் மாதத்தில் வருமானத்தின் கால்வாசி ஊக்கத்தொகையாகத்தான் வரும். வீடு கிளப் எடுத்துக் கொடுத்தது. ஒப்பந்தம் முடிகிற நாளில் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். ஜிம், ஃபிசியோ, மருத்துவர் எல்லாமே அந்த ஒரு தேதியோடு சரி.

மகளிர் கால்பந்தில் ஏசிஎல் காயம் ஆண்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம். ஒப்பந்தங்களோ பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்துக்குத்தான் போடப்படுகின்றன. ஆகவே ஜவ்வு ஆறும் காலத்துக்கு நடுவே ஒப்பந்தத்தின் கடைசித் தேதி வந்து நிற்பது அடிக்கடி நடப்பதுதான்.

காயத்துக்கு முந்தைய இரண்டு மாதத்தில் நடந்த மூன்று விஷயங்களை முதலிலேயே பதிவு செய்ய வேண்டும். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் வந்ததால், பயிற்சிக்கு முன் செய்யும் 'ஃபிஃபா 11+' வார்ம்-அப் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. முழுதாகச் செய்தால் 20 நிமிடம் ஆகும்: 8 நிமிட ஓட்டம், 10 நிமிடம் வலிமை, தாவல், சமநிலைப் பயிற்சிகள், கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். நேரமில்லை என்று வெட்டப்பட்டது நடுவில் உள்ள 10 நிமிடம். முழங்காலைக் காப்பது முக்கியமாக அந்தப் பகுதிதான்; இரண்டு ஓட்டங்களும் உடம்பைச் சூடாக்குவதோடு சரி. இரண்டாவது, சீசனுக்கு முன் எடுக்க வேண்டிய தொடை வலிமைச் சோதனை அந்த வருடம் எடுக்கப்படவில்லை. கையில் இருந்தது இரண்டு சீசன் பழைய கணக்கு. மூன்றாவது, செயற்கைப் புல் மைதானத்திலும் அவர் இயற்கைப் புல்லுக்கான நீள ஸ்டட் (அடியில் உள்ள குமிழ்) பூட்ஸையே போட்டு ஆடினார். செயற்கைப் புல்லுக்கென்று குட்டையான, எண்ணிக்கை கூடிய ஸ்டட் வைத்த பூட்ஸ் கிடைக்கிறது. அவர் அளவில் அந்த மாடல் வரவில்லை என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

இந்த மூன்றில் எதையும் காயத்துக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கிளப்பின் கையில் இருந்தவை இவை மூன்றும்தான் என்பதால் இங்கே இடம்பெறுகின்றன.

காயம்

நவம்பர் நடுவில், செயற்கைப் புல்லில் ஓர் ஆட்டத்தின் 71-வது நிமிடம். எதிரணியின் இடது பேக்கை நெருக்கிப் பந்தைப் பிடுங்க முழு வேகத்தில் ஓடினார். அவர் கடைசி நொடியில் உள்பக்கம் திரும்ப, இவரும் வலது காலை ஊன்றித் திசை மாற்றினார். யாரும் மோதவில்லை. வீடியோவில் பார்த்தால், ஊன்றிய நொடியில் முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்கிறது, உடம்பு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, முழங்கால் உள்வாங்கி விழுகிறது. மோதலில்லா ஏசிஎல் கிழிவுக்கு இதுதான் வழக்கமான படம். பந்தோடு ஓடும்போது நடப்பதைவிட எதிராளியை நெருக்கப் போகும்போது அதிகம் நடக்கிறது, ஏனென்றால் எப்போது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதை எதிராளிதான் முடிவு செய்கிறார்.

'டப்' என்று உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது என்றார். இரண்டு நிமிடத்தில் வலி குறைந்து, ஆடுகிறேன் என்று எழுந்து நின்றார். ஃபிசியோ லாக்மன் சோதனை செய்து பார்த்துவிட்டு வெளியே அழைத்து வந்தார். அந்தச் சோதனையை மைதானத்திலேயே செய்துவிடுவது நல்லது. சில மணி நேரம் போனால் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவுவது கைக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்து மாதிரி வீங்கியது. இவ்வளவு சீக்கிரம் வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் எம்ஆர்ஐ: ஏசிஎல் முழுக் கிழிவு. உள்பக்க மெனிஸ்கஸின் (மூட்டுக்குள் மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பின்) பின்முனையில், ரத்த ஓட்டம் உள்ள ஓரத்தில், நெடுக்காக ஒரு கிழிசல். எலும்பு முறிவு இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முன் 26 நாள்

குடும்பமும் ஏஜென்ட்டும் நாளைக்கே ஆபரேஷன் வைக்கச் சொன்னார்கள். சூடும் வீக்கமுமாக இருக்கும் முழங்காலைத் திறந்தால், பிறகு அது இறுகிப்போய் நீட்டவும் மடக்கவும் வராமல் போகும் ஆபத்து கூடுகிறது. அதனால் தேதிக்குப் பதிலாக நான்கு நிபந்தனைகள் வைக்கப்பட்டன: மறு காலைப் போல முழுதாக நீள வேண்டும், 120 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும், வீக்கம் ஏறக்குறைய வடிந்திருக்க வேண்டும், காலை நேராகத் தூக்கும்போது முழங்கால் தொய்யக் கூடாது. நான்கும் நிறைவேற 26 நாள் ஆனது.

அந்த இடைவெளியில் எந்தத் திசுவை எடுத்து ஏசிஎல்லாக வைப்பது என்று முடிவானது. பின்தொடை ஹாம்ஸ்ட்ரிங் தசைநாரை எடுத்தால் மண்டியிடும்போது வலி குறைவு. ஆனால் இவர் பிழைப்பே ஓட்ட வேகத்தில் இருக்கிறது, ஹாம்ஸ்ட்ரிங் அதன் எஞ்சின். ஏசிஎல்லுக்குத் துணை நிற்கும் தசையும் அதுதான். இளம் வயதுப் பெண் ஆட்டக்காரர்களிடம் ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் (எடுத்து வைக்கும் திசு) மறுபடி கிழிவது கூடுதல் என்பதும் கணக்கில் வந்தது. எனவே முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள பட்டெல்லா தசைநாரின் நடுப்பகுதியை, இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பது என்று முடிவு. முன்முழங்கால் வலியும், முன்தொடைத் தசை வலிமை மெதுவாகத் திரும்புவதும் இதற்குக் கொடுக்கும் விலை. அது அவருக்கு எழுத்தில் சொல்லப்பட்டது.

கூடவே முழங்காலின் வெளிப்பக்கத்தில் திசுப்பட்டை ஒன்றை இழுத்துக் கட்டும் சிறு சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. 25 வயதுக்குட்பட்ட 618 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பட்டையைச் சேர்த்தவர்களிடம் இரண்டு வருடத்தில் கிராஃப்ட் கிழிவு 11 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வு ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்டில் நடந்தது. பட்டெல்லா கிராஃப்டுக்கும் அதே பலன் உண்டு என்பது நியாயமான ஊகம், அதற்கு மேல் இல்லை. இவருடைய நல்ல முழங்காலே 8 டிகிரி பின்னோக்கி வளையக்கூடியது என்பதால், பட்டையைச் சேர்ப்பதே சரி என்று அறுவை நிபுணர் நினைத்தார். மெனிஸ்கஸ் வெட்டப்படாமல் தைக்கப்பட்டது. அதனால் முதல் 6 வாரம் முழு எடை ஊன்றக் கூடாது, 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது.

ஒப்பந்தம்: ஜனவரி, பிப்ரவரி

டிசம்பர் 10 வாக்கில் அறுவை சிகிச்சை. ஒன்பது மாதம் என்று வைத்தாலே செப்டம்பர் ஆகிவிடும். ஒப்பந்தம் ஜூன் 30. ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது வேறு கிளப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். ஆக ஜனவரி முதல் அவர் சந்தையில் இருக்கிறார், முழங்காலில் பிரேஸோடு.

இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. காயத்தைக் காரணம் காட்டி நடுவில் ஒப்பந்தத்தை முறிக்க கிளப்புக்கு உரிமை இல்லை. அந்தப் பாதுகாப்பு இவருக்கும் இருந்தது. ஆனால் ஒப்பந்தம் தானாக முடிந்துபோவது முறிப்பு ஆகாது. ஜூன் 30 கடந்தால் கிளப்புக்குக் கடமை எதுவும் இல்லை. அதற்குப் பிறகும் மறுவாழ்வு இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கும்.

மேசையில் மூன்று வழிகள் இருந்தன. ஏஜென்ட் முதலில் கேட்டது, மே கடைசியில் இரண்டு ஆட்டத்தில் பத்துப் பத்து நிமிடமாவது இறக்கினால் போதும், மற்ற கிளப்புகள் பார்க்கும் என்று. அது அறுவை சிகிச்சைக்குப் பின் ஐந்தரை மாதம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறு காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதைக் காட்டியது. மருத்துவக் குழு அன்றே மறுத்தது. ஏஜென்ட்டும் மறுபடி கேட்கவில்லை. இரண்டாவது வழி, ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய் சொந்தச் செலவில் ஃபிசியோ பார்த்துக்கொண்டு செப்டம்பரில் கிளப் தேடுவது. மூன்றாவது, இப்போதே 12 மாதம் நீட்டிப்பது.

மூன்றாவது வழிக்குக் கிளப் முதலில் கொடுத்த வரைவில் மாதச் சம்பளம் 20 சதவீதம் குறைந்து, ஆட்ட ஊக்கத்தொகை கூடியிருந்தது. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. ஆடினால் பழைய வருமானத்தைவிடக் கூடவே வரும். ஆட்சேபம் வந்தது ஏஜென்ட்டிடமிருந்து இல்லை, ஃபிசியோவிடமிருந்து. இப்படி எழுதினால் செப்டம்பரில் ஒவ்வொரு வாரமும் அவர் வலியை மறைப்பார் என்றார். ஆடினால்தான் காசு என்றால், வீக்கம் இருக்கிறதா என்று கேட்கும் கேள்விக்கே விலை வந்துவிடுகிறது.

பிப்ரவரி கடைசியில் கையெழுத்தானது வேறு வடிவம்: மாதச் சம்பளம் 10 சதவீதம் மட்டும் குறைவு, நவம்பர் 30 வரை ஆட்ட ஊக்கத்தொகை கிடையாது, அதற்குப் பதில் சிறிய நிலையான தொகை, டிசம்பர் முதல் பழைய ஊக்கத்தொகை. வீடு, ஃபிசியோ, இரண்டாம் மருத்துவக் கருத்துக்கான செலவு ஆகியவை தனி வரிகளில் எழுதப்பட்டன. களம் திரும்பும் முடிவில் மருத்துவர், ஃபிசியோ, ஆட்டக்காரர் மூவரில் யார் 'இல்லை' என்றாலும் இல்லைதான், கோச்சுக்கு அதில் வாக்கு இல்லை என்று ஒரு இணைப்பும் சேர்ந்தது. கோச் அதை வரவேற்றார். முடிவெடுக்கும் பாரம் தன் தலையில் இல்லாமல் போனது அவருக்கும் நிம்மதி.

முதல் நான்கு மாதம்

முதல் இரண்டு வாரத்தின் ஒரே குறி காலை முழுதாக நீட்டுவது. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் தானாகக் கீழே தொங்கும்படி 10 நிமிடம், நாளுக்கு 5 முறை. முன்தொடையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி மின்தூண்டல் கருவியோடு. சிப்பியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் நகர்த்துதல். கேட்கச் சாதாரணமாகத் தெரியும். இதைச் சோம்பிவிட்டால் பின்னால் அது நடையிலேயே தெரியும்.

ஏழாம் வாரம் 4 டிகிரி நீட்டம் குறைந்தது. கிராஃப்டுக்கு முன்னால் தழும்புத் திசு முடிச்சாக வளர்ந்து முட்டுகிறதோ என்று சந்தேகம். மறுபடி எம்ஆர்ஐ எடுத்ததில் அப்படி எதுவும் இல்லை. சைக்கிள் நேரத்தைப் பாதியாக்கி, குப்புறப் படுத்துக் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடும் பயிற்சியைக் கூட்டியதில் பத்து நாளில் சரியானது.

நான்காம் மாதம் முதல் வலிமைச் சோதனை, ஐசோகைனடிக் கருவியில் (காலை ஒரே வேகத்தில் நகரவைத்து விசையை அளப்பது), நொடிக்கு 60 டிகிரி வேகத்தில். முன்தொடைத் தசையின் முறுக்கு விசை, எடையில் ஒரு கிலோவுக்கு: காயக் கால் 1.62 நியூட்டன் மீட்டர், நல்ல கால் 2.45. அதாவது 66 சதவீதம். ஓட்டம் தொடங்க 70 சதவீதம் என்று வைத்திருந்ததால் ஓட்டம் தள்ளிப்போனது. பட்டெல்லா கிராஃப்டுக்கு இது புதிதல்ல என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். வாரத்துக்கு மூன்று முறை கனமான லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன் நடந்துகொண்டிருந்தது. பளு ஏறவே இல்லை.

நாலரை மாதம்: தட்டில் இருந்த காரணம்

பளு ஏறாததற்குக் காரணத்தை ஜிம்மில் தேடியதில் மூன்று வாரம் வீணானது. கண்டுபிடித்தவர் மசாஜ் செய்யும் ஊழியர். இடுப்பில் கட்டும் பட்டை இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னார். எடை பார்த்தால் 57.2 கிலோ. காயத்துக்கு முன் 61.

ஓடாமல் இருக்கிறோம், குண்டாகிவிடக் கூடாது என்று அவரே சாப்பாட்டைக் குறைத்திருந்தார். மாதவிடாய் ஜனவரி நடுவிலிருந்து வரவில்லை. மருத்துவப் படிவத்தில் 'மாதவிடாய் இயல்பாக உள்ளதா?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு மாதமும் 'ஆம்' என்று டிக் போட்டிருக்கிறார். அதில் பொய் எதுவும் இல்லை. 17 வயதிலிருந்தே அவருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், அவருக்கு அதுதான் இயல்பு. கேள்விதான் தவறு.

கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் ஆகியவை சோதித்து விலக்கப்பட்டன. ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சத்துக் கையிருப்பைக் காட்டும் அளவு) 14, குறைவு. உடல் அமைப்பு ஸ்கேனில் கொழுப்பு நீங்கலான எடை 46.5 கிலோ. ஏழு நாள் உணவுக் குறிப்பில் சராசரி 1,700 கலோரி, பயிற்சிச் செலவு சுமார் 450. கணக்கு எளிது: மீதம் 1,250-ஐ 46.5-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 27 கலோரி. 30-க்குக் கீழே போனால் ஹார்மோன்களும் எலும்பும் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடும். போதுமானது 45 வாக்கில். 45 வேண்டுமென்றால் பயிற்சியையும் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 2,550 கலோரி சாப்பிட வேண்டும். கிழிந்த ஜவ்வும் தைத்த மெனிஸ்கஸும் தசையும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டிய உடம்பு, அதில் பாதிப் பட்டினி.

உணவு நிபுணர் ஒரே நாளில் 850 கலோரியை ஏற்றவில்லை. வாரத்துக்கு 250 முதல் 300 வரை, முதலில் பயிற்சிக்கு முன்னும் பின்னும். புரதம் நாளுக்கு 110 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. இரும்புச் சத்து மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாதவிடாயை வரவழைக்கக் கருத்தடை மாத்திரை தரலாமா என்ற யோசனை நிராகரிக்கப்பட்டது. அதில் வரும் ரத்தப்போக்கு மாத்திரை தருவது. உடம்பு தேறிவிட்டது என்று பொய் சொல்லும். எடை பார்ப்பதும் பொது அறையிலிருந்து மாற்றப்பட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தனியறையில் மட்டும் நடந்தது.

ஆறாவது வாரத்தில் லெக் பிரஸ் பளு ஏறத் தொடங்கியது. பதின்மூன்றாம் வாரம் மாதவிடாய் வந்தது.

ஏழாம் மாதம்: தேர்ச்சி என்று சொன்ன தாள்

ஜூலை 10 வாக்கில், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் தொடங்கும் நேரத்தில் இரண்டாம் சோதனை. காயக் கால் 2.14, நல்ல கால் 2.36. விகிதம் 91 சதவீதம். ஒற்றைக் காலில் முன்னால் தாவும் தூரம் 96 சதவீதம். பல இடங்களில் 90-ஐத் தாண்டினால் பச்சைக் கொடி. அந்தத் தாளை எந்தக் கிளப்பின் கையில் கொடுத்தாலும் 'தயார்' என்றுதான் படிப்பார்கள்.

இரண்டு சீசன் பழைய கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தபோது கதை மாறியது. அப்போது இதே வலது கால் 2.92. அதோடு ஒப்பிட்டால் இப்போது 73 சதவீதம்தான். நல்ல கால் ஏழு மாதத்தில் தானும் இளைத்துப்போய், காயக் காலுக்குச் சமமாக இறங்கி வந்திருக்கிறது. இன்னொரு கண்கட்டும் இருந்தது: விசையை உடல் எடையால் வகுக்கிறோம், எடையோ இன்னும் 58.6 கிலோதான். எடையால் வகுக்காமல் பார்த்தால் 178 நியூட்டன் மீட்டரிலிருந்து 125-க்கு வந்திருந்தது, 70 சதவீதம்.

முன்னோக்கித் தாவலும் அப்படித்தான். அதில் உந்துவது பெரும்பாலும் இடுப்பும் கணுக்காலும்; முழங்கால் ஒதுங்கி நிற்கலாம், தூரம் குறையாது. ஒற்றைக் காலில் நேராக மேலே தாவச் சொன்னபோது காயக் கால் 13.1 செ.மீ., நல்ல கால் 17. அது 77 சதவீதம்.

பயிற்சி ஆட்டங்களுக்கு 'இல்லை' என்று சொன்னார் மருத்துவர். வீராங்கனை அன்று மாலை யாரோடும் பேசவில்லை. தாளில் 91 இருக்கும்போது நிறுத்துவது, 60 இருக்கும்போது நிறுத்துவதைவிடக் கடினம். ஒப்பந்த நீட்டிப்பு பிப்ரவரியிலேயே கையெழுத்தாகியிருக்காவிட்டால், பத்து நாளுக்கு முன் அவர் கிளப் இல்லாதவராகியிருப்பார், அதே 91-ஐ நம்பி எங்காவது ஆடத் தொடங்கியிருப்பார்.

ஒன்பதரை மாதம் முதல் முதல் ஆட்டம் வரை

செப்டம்பர் கடைசியில் காயக் கால் 2.58, நல்ல கால் 2.80. பழைய கணக்கோடு 88 சதவீதம். 12 கேள்விகள் கொண்ட மனத் தயார்நிலைப் படிவத்தில் 100-க்கு 58. உடம்பு ஏறக்குறைய வந்துவிட்டது, மனம் வரவில்லை. அணியோடு முழுப் பயிற்சிக்கு அனுமதி, ஆட்டத்துக்கு இல்லை.

அந்த ஒரு மாதத்தில் செய்தது இரண்டு. ஒன்று, ஓட்டச் சுமை. காயத்துக்கு முன் ஓர் ஆட்டத்தில் அவர் சராசரி 9.8 கி.மீ. ஓடுவார், அதில் மணிக்கு 19 கி.மீ.க்கு மேல் 720 மீட்டர், 23-க்கு மேல் 210 மீட்டர். தொடர்ந்து நான்கு வாரம், வாரத்துக்கு இதைப்போல் இரு மடங்கு வேக ஓட்டம் வீக்கமில்லாமல் முடிய வேண்டும் என்பது நிபந்தனை. உச்ச வேகம் முன்பு 28.9, அக்டோபர் நடுவில் 28.1 தொட்டார்.

இரண்டாவது, காயம் பட்ட அதே காட்சி. எதிராளியை நெருக்க ஓடி, அவர் திரும்பும் பக்கம் திரும்புவது. முதல் வாரம் எந்தப் பக்கம் என்று முன்பே சொல்லி, பாதி வேகத்தில். பிறகு சொல்லாமல். பிறகு பந்தோடு, முழு வேகத்தில், களைத்தபின் பயிற்சியின் கடைசி பத்து நிமிடத்தில். சாய்வதும் நீட்டிய காலை ஊன்றுவதும் வீடியோவில் தெரிந்தால் ஒரு படி கீழே. பெரிய ஒரே ஊன்றலுக்குப் பதில் இரண்டு மூன்று சிறு அடியில் வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்புவது அவருக்குப் பழக்கமாக மூன்று வாரம் பிடித்தது.

அக்டோபர் 25 வாக்கில்: 2.74, பழைய கணக்கில் 94 சதவீதம். மேல்தாவல் காயக் கால் 16.1, நல்ல கால் 17.2. படிவத்தில் 79. எடை 60.5. மூவரும் சம்மதம். அறுவை சிகிச்சைக்குப் பின் பதினோராம் மாதம், இயற்கைப் புல்லில், 15 நிமிடம் ஆடினார்.

பின்னடைவு

நிமிடங்கள் படிப்படியாக ஏறின: 15, 20, 30, 45. ஐந்தாம் ஆட்டத்தில் முதல் முறை தொடக்கத்திலிருந்து இறங்கி, 60-வது நிமிடத்தில் வெளியே வர வேண்டும். நடந்தது 90 நிமிடம்.

மாற்று ஆட்டக்காரர் ஐந்து பேர் இறக்கலாம், ஆனால் ஆட்டத்தை நிறுத்தி மாற்றும் சந்தர்ப்பம் மூன்றுதான். இடைவேளை அதில் சேராது. அன்று 20-வது நிமிடத்தில் ஒரு காயம், 41-இல் இன்னொன்று, 57-இல் கோச் ஒரு மாற்றம் செய்தார். ஆள் இரண்டு பாக்கி, சந்தர்ப்பம் தீர்ந்தது. 57-இல் இவரையும் சேர்த்தே எடுத்திருக்கலாம்; மூன்று நிமிடம்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ நினைத்ததில் போனது.

மறுநாள் காலை முழங்காலில் கண்ணுக்குத் தெரியும் வீக்கம். உள்பக்கம் தடவி ஒதுக்கினால் மறுபடி தானாக நிரம்பியது. ஜவ்வு உறுதியாக இருந்தது. ஆறு நாள் ஓட்டம் இல்லை, இரண்டு ஆட்டம் போனது. அதன்பின் நிமிடக் கட்டுப்பாடு உள்ளவர் தொடக்கத்தில் இறங்கினால் ஒரு சந்தர்ப்பம் அவருக்கென்று ஒதுக்கப்படும், அல்லது இடைவேளையிலேயே மாற்றப்படுவார் என்று ஆட்டத்துக்கு முந்தைய தாளில் எழுதுவது வழக்கமானது.

விளைவு

அந்த சீசனில் 14 ஆட்டம், மொத்தம் 741 நிமிடம். மறு காயம் இல்லை. நீட்டித்த ஒப்பந்தம் முடியும் முன் வேறொரு கிளப் இரண்டு வருடத்துக்குக் கேட்டது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுத ஃபிஃபா விதி அனுமதிப்பதில்லை. ஆகவே புதிய கிளப் கையெழுத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். வீராங்கனையின் எழுத்துச் சம்மதத்தோடு நான்கு சோதனைத் தாள்களும் அறுவைக் குறிப்பும் கொடுக்கப்பட்டன. மாதவிடாய், உணவு பற்றிய குறிப்புகளைக் கொடுக்க வேண்டாம் என்றார் அவர், கொடுக்கப்படவில்லை. புதிய கிளப்பின் மருத்துவர் ஏழாம் மாதத் தாளைப் பார்த்துவிட்டு, ஏன் அப்போது விடவில்லை என்று மட்டும் கேட்டார். புதிய கிளப்பில் முதல் சீசனில் 23 ஆட்டம், உச்ச வேகம் 28.7.

மண்டியிட்டால் இன்றும் வலிக்கிறது. தழும்புக்கு வெளியே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்திருக்கிறது. முதுகெலும்பின் அடர்த்தி இயல்பின் கீழ் எல்லையில். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறது.

மாற்றியவை, மாறாதவை

வலிமைச் சோதனை இப்போது ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் எல்லோருக்கும் உண்டு, ஆளுக்கு 40 நிமிடம். இந்த நிகழ்வில் இரண்டு சீசன் பழைய எண் ஒன்றாவது கையில் இருந்தது தற்செயல். அதுவும் இல்லையென்றால் ஏழாம் மாதத் தாளை மறுக்கக் காரணமே இருந்திருக்காது.

படிவத்தில் 'இயல்பாக உள்ளதா' நீக்கப்பட்டு, 'கடைசியாக எந்தத் தேதியில் வந்தது', 'கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை' என்று கேட்கப்படுகிறது. புதிய கேள்வி வந்த முதல் மாதமே அணியில் இன்னும் இருவர் மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர். நீண்ட காயம் என்றால் உணவு நிபுணர் முதல் வாரத்திலேயே வருகிறார், நாலரை மாதம் கழித்து அல்ல.

வார்ம்-அப்பை வெட்டியே ஆக வேண்டிய நாளில் முதல் ஓட்டம் குறைக்கப்படுகிறது, நடுப் பகுதி அப்படியே இருக்கும். செயற்கைப் புல்லுக்கான பூட்ஸ் வாங்கும் பொறுப்பு ஆட்டக்காரரிடமிருந்து உபகரணப் பொறுப்பாளருக்கு மாறியது.

ஒப்பந்த மாதிரியில், கடைசி ஆறு மாதத்தில் அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் பட்டால் மருத்துவப் பராமரிப்பு அறுவைக்குப் பின் 12 மாதம் தொடரும் என்ற வரியைக் கிளப் ஏற்றது. அந்த ஆறு மாதம் எதிலிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. இந்த வீராங்கனைக்கே காயம் பட்டது ஏழரை மாதம் இருக்கும்போது. புதிய வரி இவருக்கே பொருந்தியிருக்காது. பத்து மாதமாக மாற்றக் கேட்டு மருத்துவக் குழு எழுதியிருக்கிறது. வீடு பற்றிய வரி பழையபடியே, ஜூன் 30.